ஊதுபத்தி வைத்துப் பார்த்த கூண்டு

கூண்டு செய்து விற்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: விலை பேசுகிறவர் ஒருவர், உள்ளே குடியிருக்கப்போகிறவர் வேறொருவர், அந்த இரண்டாமவர் கடைக்கு வந்து குறை சொல்வதே இல்லை.

ஓசூரில், பாகலூர் சாலையில், ஒன்பது வருடம் எனக்கு ஒரு கூண்டுக்கடை இருந்தது. காலையில் சிறுவர் பத்திரிகைகளுக்கு விலங்குகளைப் பற்றி எழுதுவேன். பிறகு கடையைத் திறந்து அதே விலங்குகளுக்கு வீடு செய்வேன். முயல், புறா, லவ் பேர்ட்ஸ் என்று தொடங்கி, கடைசி சில வருடங்களில் கினி பிக்கில் வந்து நின்றேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற, வாலில்லாத, பசித்தால் விசில் அடிக்கிற சாதுவான பிராணி. இப்போது அந்தக் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். போன மாதம் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய பிளைவுட் கதவு கையில் தட்டுப்பட்டது. அதன் மூலையில் வெளிறிப்போன பச்சை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒழிக்கிற வேலை அன்றைக்கு அதோடு சரி.

ஓசூர்க் குளிரை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கார்த்திகை பிறந்தால் காலை ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எல்லார் தலையிலும் மஃப்ளர் ஏறிவிடும். மார்கழியில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியாது. அந்த மாதங்களில் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் அலைந்தவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

பன்னியா, எலியா?

ரோஸ்லின் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்தாள். தயாரான பொருளைக் கடைசியாகப் பார்த்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. கூட வேலை பார்த்த ஒருத்தி ஊர் மாறிப் போகும்போது இரண்டு கினி பிக்குகளை ரோஸ்லினின் மகள் ஜெனியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஜெனிக்கு எட்டு வயது. இரண்டும் பெண். ஜெனி அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல், அம்மாவின் கம்பெனிப் பேச்சில் அடிக்கடி அடிபட்ட பெயர்களை வைத்துவிட்டாள்: நட்டு, போல்ட்டு.

கூண்டுக்கு அளவெடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கீழ்வீட்டில் ஓனரம்மா. வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம். "என்னம்மா அது?" என்று கேட்டார். ஜெனி பெருமையாக "கினி பிக்" என்றாள். "பிக் அண்டே பந்தி கதா?" என்று ஓனரம்மா முகம் மாறினார். பந்தி என்றால் தெலுங்கில் பன்றி. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் தப்பாகச் சொன்னாலும் திருத்தியாக வேண்டும். "இல்லைங்கம்மா, பேர்தான் அப்படி. இதுக்கும் பன்றிக்கும் சம்பந்தமே இல்லை. இது எலி வகையைச் சேர்ந்தது" என்றேன். ரோஸ்லின் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

ஓனரம்மா ஒரு அடி பின்னால் போனார். நட்டுவை ஒரு தடவை பார்த்தார், ஜெனியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "எலியா? எலின்னா இந்தக் கேட்டுக்குள்ளயே வேணாம். அது பன்னியாவே இருக்கட்டும்பா, மொட்டை மாடியில இருக்கட்டும்."

பச்சை ஸ்டிக்கர்

மொட்டை மாடி என்றதும் நானும் ரோஸ்லினும் ஒரே விஷயத்துக்குத்தான் பயந்தோம்: காற்று. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பக்கச் சுவரும் கொஞ்சம் கூரையும் இருந்தன. மற்ற மூன்று பக்கமும் வெட்டவெளி. ஆகவே காற்றே புகாத ஒரு பெட்டி செய்தேன். முக்கால் அங்குல பிளைவுட், இடுக்கெல்லாம் பசை, கதவைச் சுற்றி ஃபிரிட்ஜ் கதவுக்குப் போடுகிற மாதிரி ரப்பர். பகலில் திறந்துவிட ஒரு கம்பிவலைக் கூண்டும், சாயங்காலம் உள்ளே விட்டு மூட இந்தப் பெட்டியும். என் கையால் அவ்வளவு நேர்த்தியாக ஒரு சாமான் செய்ததில்லை.

ரோஸ்லின் முதல் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு கடைக்கு வந்தாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்து, டீக்கடையில் தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தி, காலிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கம்பெனியில் பம்புக்கெல்லாம் லீக் டெஸ்ட் உண்டாம். உள்ளே காற்றடைத்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களாம். "இதைத் தண்ணியில முக்க முடியாதுல்ல" என்றாள். நானும் அவளும் ஆளுக்கு இரண்டு பக்கமாகக் குனிந்து, மூலை மூலையாகப் பார்த்தோம். இழை அளவு புகை வெளியே வரவில்லை. டீ மாஸ்டர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

ரோஸ்லின் கதவின் மூலையில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினாள். எனக்குப் பரிசு வாங்கின மாதிரி இருந்தது. அவள் சொன்னாள்: "ஜீரோ லீக்ண்ணா. எங்க லைன்லயே இப்படி ஒரு பீஸ் வந்ததில்ல."

உள்ளே பெய்த மழை

மார்கழி பாதியில் ஒரு காலை ரோஸ்லின் போன் செய்தாள். "வாங்க" என்று மட்டும் சொன்னாள். போனபோது கால்நடை மருத்துவர் ஒருவர் மாடியில் இருந்தார். ஜெனி துண்டில் சுற்றிய நட்டுவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். போல்ட்டு இன்னொரு துணியில், அசையாமல்.

மருத்துவர் என்னைப் பெட்டிக்குள் தலையை விடச் சொன்னார். விட்டேன், கண் எரிந்தது. மூத்திர நெடி. கையை மேலே வைத்தால் கூரைப்பலகை முழுக்கத் தண்ணீர் முத்துமுத்தாகத் தொங்கியது. வெளியே பனி; உள்ளே அவற்றின் மூச்சே குளிர்ந்து மழையாகப் பெய்திருக்கிறது. படுக்கை நனைந்து, அதன்மேல் இரண்டும் படுத்திருக்கின்றன. போல்ட்டுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. "வறண்ட குளிரை இது ஓரளவு தாங்கும். ஈரத்தைத் தாங்காது. கெட்ட காற்று வெளியே போக வழி வேணும், நல்ல காற்று மேலே அடிக்காமலும் இருக்கணும்" என்றார். மூன்று வாக்கியம்தான். இரண்டு மாதம் முன்னால் யாரையாவது கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ரோஸ்லின் கதவிலிருந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க செஞ்சீங்க. ஆனா பாஸ் போட்டது நான்தாண்ணா."

கல்லாவிக்காரரின் பல்பு

அந்தப் பெட்டியைத் திரும்ப எடுத்து வந்து பிரித்துப் போட்டேன். கதவை மட்டும் பிரிக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு கினி பிக் கூண்டு கேட்டு யார் வந்தாலும், விற்பதற்கு முன் அவர்கள் குளிருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன்.

கல்லாவியிலிருந்து ஒருவர் வருவார். கோழிப்பண்ணை வைத்திருந்தார், பேத்தி கேட்டாள் என்று கினி பிக் வாங்கி, அது பெருகி ஏழாகியிருந்தது. கோழிக்குஞ்சுக்கு முதல் வாரம் குண்டு பல்பு போட்டுச் சூடு கொடுப்பது போல இவற்றுக்கும் தலைக்கு மேலே பல்பு தொங்கவிட்டார். குஞ்சுகள் பல்பின் கீழே கூடும்; இவையோ வெளிச்சத்துக்குப் பயந்து நான்கு மூலையிலும் ஒட்டிக்கொண்டன, தூங்கவில்லை, தின்னவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு, ஒளிந்துகொள்ள இருட்டாக ஒரு சின்ன அறையும், முழங்கை ஆழத்துக்கு உலர்ந்த புல்லும் போடச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தார். ஏழும் புல்லுக்குள் சுரங்கம் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குகின்றனவாம்.

சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் முப்பது வருடத் தொழில் அனுபவம் விடவில்லை. "என்னாங்க சார் இது, கோழி வெளிச்சத்தைப் பார்த்தா எடை ஏறுது, இது வெளிச்சத்தைப் பார்த்தா இளைச்சுப் போவுது. இதைப் பண்ணை வெச்சா நான் இருட்டுலதான் உக்காந்திருக்கணும்!"

நீலக் கவர்

இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஓசூரில் அக்கா வீடு. கூண்டின் போட்டோவை போனில் காட்டினார். உட்புறம் முழுக்க நீல நிறத்தில் பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார். "காத்தும் வராது, கம்பியும் துருப்பிடிக்காது அண்ணாச்சி. எங்க கம்பெனியில பார்ட்ஸ் சுத்தி வர்ற கவரு. கவர்லயே மருந்து இருக்கு."

அதுதான் விஷயம். இரும்புச் சாமானைத் துருவிலிருந்து காக்கிற மருந்து அந்தக் கவரிலிருந்து மெதுவாகக் காற்றில் கலக்கும். கினி பிக்கோ கண்ணில் பட்டதையெல்லாம் கொறிக்கும். கொறிக்காவிட்டால் பல் வளர்ந்துகொண்டே போகும். பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். இன்றைக்கே கிழித்து எடுங்கள், சாக்குப்படுதாவைக் கூண்டுக்கு வெளியே தொங்கவிடுங்கள், அதுவும் காற்றடிக்கிற பக்கம் மட்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா என் டிபன் பாக்ஸை அதுலதான் சுத்திக் கொண்டுபோறேன் அண்ணாச்சி!"

சிவப்பு ஸ்டிக்கர்

போல்ட்டு செத்துப்போன குளிர்காலத்தின் மீதியை நட்டு ரோஸ்லின் வீட்டுச் சமையலறையில், ஒரு காய்கறிக் கூடையில் கழித்திருந்தது. ஓனரம்மா பார்த்தும் பார்க்காதவராக இருந்தார். மறு வருடம் அந்தச் சலுகைக்கு வழியில்லை. அவர் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள், வீட்டுக்குள் பிராணி வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மறுபடியும் மொட்டை மாடிதான். ரோஸ்லினின் அண்ணன் சென்னையில் இருந்தார். கிறிஸ்துமஸுக்குக் காரில் வரும்போது நட்டுவைக் கொண்டுபோய்விடுகிறேன், இங்கே குளிரே கிடையாது என்று சொல்லியிருந்தார். ரோஸ்லின் அதற்கு அரை மனதாகச் சம்மதித்திருந்தாள். "இருபத்தி நாலாம் தேதி காலையில ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ணா. அன்னைக்குக் கூண்டு சரியில்லன்னா நட்டு சென்னைக்குப் போயிடும்."

என்னிடம் எதற்கு மறுபடி வந்தாய் என்று கேட்டே விட்டேன். "தப்புப் பண்ணின மெஷினைத்தான் சரி பண்ணலாம். புது மெஷின் என்ன தப்புப் பண்ணும்னே தெரியாது" என்றாள். ஆனால் சுலபமாக விடவில்லை. முதலில், கம்பெனிகளிலிருந்து பழைய சாமான் விலைக்கு வருகிற பேக்கிங் பெட்டி மரத்தில் ஒன்று செய்தேன். மரத்தில் குத்தியிருந்த முத்திரையைப் படித்துவிட்டு, இது பூச்சிக்கு மருந்துப்புகை போட்ட கட்டை, சூடுகாட்டி எடுத்த கட்டையாகப் பாருங்கள் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். மரத்தை மாற்றினேன். சுத்தம் செய்ய வசதி என்று தரையில் கம்பிவலை போட்டிருந்தேன். பாதம் புண்ணாகும், கீழிருந்து குளிரும் ஏறும் என்று இன்னொரு சிவப்பு. பலகைத் தரை போட்டேன். காற்றுப்போக்குக்குத் தரையை ஒட்டித் துளை விட்டேன், அவள் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்துவிட்டு, "நட்டு மூஞ்சி இந்த உயரத்துலதான இருக்கும்?" என்று மூன்றாவது சிவப்பை எடுத்தாள்.

ஒவ்வொரு முறையும் ஜெனி அம்மாவோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாவது சிவப்பு ஒட்டின அன்றுதான் வாயைத் திறந்தாள்: "மாமா வீட்ல எல்லா ரூம்லயும் ஏசி இருக்கு. அங்கதான் இன்னும் குளிரும்."

வாஷர்

கல்லாவிக்காரரிடம் போகிற போக்கில் நட்டுவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது மிக்சர் கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே இரண்டு மாதப் பெண் குட்டி ஒன்று கொத்தமல்லித் தண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. கினி பிக் கூட்டத்தில் வாழ்கிற பிராணி. ஒன்றின் சூட்டில் ஒன்று கிடக்கும். இதை நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன்; நட்டு ஒரு வருடமாகத் தனியாகப் படுத்திருப்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

உடனே ஒன்றாக விட்டால் சண்டை வரும். வலைத்தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் பத்து நாள் வைத்துப் பழக்கினோம். பதினோராம் நாள் ஜெனி போன் செய்து, இரண்டும் ஒரே குடைமிளகாயை இரண்டு பக்கமிருந்து தின்கின்றன என்று மூச்சு விடாமல் சொன்னாள். புதுக்குட்டிக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். இது கூடவா தெரியாது என்கிற குரலில் பதில் வந்தது: "நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல வர்றது வாஷர்தான அங்கிள்?"

மறுபடியும் ஊதுபத்தி

நான்காவது கூண்டை டிசம்பர் முதல் வாரமே மாடியில் வைத்தோம். ஒன்றரை அடி உயரக் கால், முதுகு சுவரோடு. முன்னால் வலை போட்ட அறை, பின்னால் படுக்கும் சின்ன அறை; இரண்டுக்கும் நடுவே வாசல், நேருக்கு நேராக இல்லாமல் ஓரமாக. சரிவான கூரை. கூரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில், வலை மூடிய இரண்டு துளை வரிசைகள். தரையில் செய்தித்தாள், அதன்மேல் நறுக்கின கேழ்வரகு வைக்கோல், அதன்மேல் உலர்ந்த புல். ஈரமானதைத் தினமும் எடுத்துவிட்டுப் புதிது போடுவது ஜெனியின் வேலை. ரோஸ்லின் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. மூன்று வாரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள்.

இருபத்தி நாலாம் தேதி காலை நான் போனபோது மாடியில் பனி அப்பியிருந்தது. தண்ணீர்த் தொட்டி சொட்டிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் குரங்குக் குல்லாய் போட்டு, போர்வை போர்த்தி, கையில் மூடிபோட்ட கூடையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். ஜெனி அந்தக் கூடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். ஓனரம்மாகூடப் படியேறி வந்து முக்காட்டோடு நின்றார். ரோஸ்லின் கூண்டைத் திறந்ததும் உள்ளிருந்து இரண்டு விசில். இரண்டையும் எடுத்து ஜெனியிடம் கொடுத்துவிட்டு, கூரைப்பலகையில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்து என்னிடம் காட்டினாள். விரல் உலர்ந்திருந்தது. தலையை உள்ளே விட்டாள், வெகுநேரம் கழித்துத்தான் வெளியே எடுத்தாள். புல்வாசனை மட்டும்தான் என்றாள்.

பிறகு ஊதுபத்தியைக் கொளுத்தினாள். படுக்கையை ஒதுக்கிவிட்டு, வெறும் பலகைமேல், நட்டுவின் மூஞ்சி இருக்கிற உயரத்தில் பிடித்தாள். புகை ஆடாமல் அசையாமல், கயிறு மாதிரி நேராக மேலே போனது. கூரைக்குப் பக்கத்தில் போனதும் ஒரு நொடி தயங்கியது. பிறகு வளைந்து, துளை வழியாக வெளியே போய்ப் பனியோடு கலந்தது. நாங்கள் ஐந்து பேரும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் கூடையைக் கீழே வைத்தார். ரோஸ்லின் யூனிஃபார்ம் பையில் கைவிட்டுப் பச்சை ஸ்டிக்கரை எடுத்து, கதவின் மூலையில் வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

"லீக் இருக்குண்ணா. பாஸ்."

நட்டு அந்தக் கூண்டில் இன்னும் மூன்று மார்கழியைக் கண்டது. ஒன்பது வருடம் கூண்டு செய்து விற்ற நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான், அதுவும் காற்று கசிகிற ஒரு பெட்டி.